பல் பிடுங்குகிறவனின் பொய்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது ஒரு சொலவடை சொல்லித் தந்தார்கள்: "பல் பிடுங்குகிறவனைப் போலப் பொய் சொல்கிறான்." சந்தையில் நின்று "வலிக்கவே வலிக்காது" என்று கூவி ஆள் பிடித்தவர்களால் வந்த பேச்சு அது. மரத்துப்போகும் ஊசி வந்த பிறகும் அந்தப் பொய் ஒழியவில்லை என்பதே என் வழக்கு.

சென்ற ஆண்டு கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்கப் போனேன். ஊசி போட்ட இரண்டாவது நிமிடமே குறடு வாய்க்குள் வந்துவிட்டது. உயிர் போகிற வலி. கையைத் தூக்கினேன். "அது அழுத்தம் சார், வலி இல்லை" என்றார் டாக்டர். பல் யாருடையது?

பாரிசில் இருக்கும் தம்பி மகனிடம் புலம்பினேன். "உங்களுக்கு லிக்னோகெயின் போட்டிருப்பாங்க பெரியப்பா. இங்கே ஆர்ட்டிகெயின்தான்" என்றான். அதைக் கேட்ட நண்பர்கள், "இனி அந்த ஊசியையே கேளும்" என்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. லிக்னோகெயின் 1943-இல் ஸ்வீடனில் உருவானது. பழைய சரக்கு, ஆனால் மட்டமான சரக்கு இல்லை. ஆர்ட்டிகெயின் எலும்புக்குள் நன்றாக ஊறும். கீழ்த்தாடையில் பல்லுக்குப் பக்கத்து ஈறிலேயே போட்டால் அதுதான் மேல். ஆனால் தாடையின் பின்புறம் நரம்புக்குப் போடும் ஊசியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சீழ் பிடித்த இடத்தில் எந்த மருந்தும் தடுமாறும். அவசரப்பட்டால் எல்லாமே தோற்கும்.

நம் வயதுக்காரர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. "எனக்கு பி.பி., அட்ரினலின் கலக்காத ஊசி போடுங்க" என்று நாமே உத்தரவு போடுகிறோம். அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்தி வைக்கிறது. அது இல்லாத லிக்னோகெயின் பல்லுக்குள் பத்து நிமிடம் தாங்குவதே அதிகம். பிறகு வலியில் துடித்தால் நம் உடம்பே அட்ரினலினைக் கொட்டும். மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுங்கள். எது, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

நான் கேட்பது மூன்றுதான். உதடு மரத்ததா என்று விசாரியுங்கள். ஈறைக் குத்திப் பாருங்கள். கை தூக்கினால் நிறுத்துங்கள்.

"நாளைக்கு வாங்க" என்று சொல்லியே சர்க்கார் ஆபீசில் ஜனங்களைக் காக்க வைத்த குமாஸ்தா நான். பத்து நிமிடம் காத்திருக்க எனக்கா தெரியாது? அடுத்த பல்லும் ஆட ஆரம்பித்துவிட்டது.