கேளாமல் வரும் கடன்

மாதச் சம்பளம் ஒரு காசும் உயராதிருக்க, ‘வாழ்த்துகள்! தங்கள் கிரெடிட் கார்டு வரம்பு 1 லட்சத்திலிருந்து 2.5 லட்சமாகிறது, சம்மதமெனில் இங்கே தொடவும்’ என்று கைபேசியில் வந்து விழும் குறுஞ்செய்தியை, வங்கி தம் யோக்கியதைக்கு அளித்த அங்கீகாரமாக எண்ணிப் பூரித்துப்போகிறவர்கள் நம்மில் அநேகர்.

வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதமின்றி வரம்பை உயர்த்தலாகாது என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் திட்டவட்டமாகவே கூறுகின்றன. குறைப்பதானால் தகவல் தெரிவித்தால் போதும். இந்தப் பேதம் நியாயமானதே. ஆயினும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு செல்பவரின் கட்டைவிரல் பட்டதையும் பூரண சம்மதமாகக் கணக்கெழுதிக்கொள்ளும் சாமர்த்தியம் வங்கிகளுக்கு உண்டு. பாக்கி வைத்தால் மாதம் சுமார் 3.5 சதவிகிதம் ஏறும் வட்டியும், அதன்மேல் ஜி.எஸ்.டி.யும், ‘குறைந்தபட்சத் தொகை’ என்ற மயக்க மருந்தும் அச்செய்தியில் ஓரிடத்திலும் தலைகாட்டுவதில்லை.

ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலை முதல், வாடிக்கையாளர் கேளாதபோது வரம்பை உயர்த்தித் தருவதாக அழைப்பு விடுப்பதே சட்டவிரோதம். இங்கும் அவ்வாறு அழைப்பையே தடைசெய்வதுதான் உசிதம். தேவைப்படுகிறவர் தாமே விண்ணப்பித்துக் கேட்டுப் பெறட்டும், அதற்கு எந்த வங்கியும் கதவைச் சாத்தப்போவதில்லை.