சாவி யாரிடம்?

(மூன்றாமாண்டு, இளங்கலைக் கணிப்பொறி அறிவியல்)

பூட்டுக்குப் பெயர் போனது நம் திண்டுக்கல். 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. இந்தத் தொழிலில் எழுதி வைக்கப்படாத ஒரு நேர்மை உண்டு. பூட்டை விலை கொடுத்து வாங்குபவரிடம் அதன் சாவியையும் சேர்த்தே கொடுத்து விடுவார்கள். "பூட்டு உமக்கு, சாவி எம்மிடமே இருக்கும், திறக்க வேண்டும் போதெல்லாம் எம்மிடம் வாரும்" என்று எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. சொன்னால் நாம் வாங்கவும் மாட்டோம். ஆனால் கணிப்பொறி வாங்கும்போது மட்டும் இதே பேரத்துக்கு மறுபேச்சின்றித் தலையாட்டி விடுகிறோம். இது முறைதானா என்பதைச் சக மாணவர்களும் பேராசிரியப் பெருமக்களும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

இயக்கி என்பது யாது?

கணிப்பொறித் திரையில் எழுத்தும் படமும் தோன்றச் செய்வது கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டை. இயங்குதளம் சொல்வது அட்டைக்குப் புரியாது. அட்டையின் பாஷை இயங்குதளத்துக்குப் புரியாது. இடையில் நின்று பெயர்த்துச் சொல்லத் துபாஷி ஒருவர் வேண்டும். அந்தத் துபாஷியே டிரைவர், அதாவது இயக்கி. துபாஷி இல்லையேல் எவ்வளவு விலையுயர்ந்த அட்டையும் வெறும் தகடுதான்.

லினக்ஸ் என்பது 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகெங்கும் பல்லாயிரவர் சேர்ந்து வளர்த்த கட்டற்ற மென்பொருள். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். இன்டெல் நிறுவனம் தன் வரைகலைப் பகுதிக்கான இயக்கியைத் திறந்த மூலநிரலாகவே தருகிறது. ஏஎம்டி நிறுவனம் 2007-இல் தன் அட்டைகளின் நுட்ப விவரங்களை வெளியிட முன்வந்தது. ஆகவே இவ்விரு நிறுவனங்களின் அட்டைகளுக்கான இயக்கி லினக்ஸின் கருவாகிய கெர்னலோடு சேர்ந்தே வந்துவிடும். நாம் தனியே ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. என்விடியா நிறுவனமோ நெடுங்காலம் தன் இயக்கியின் மூலநிரலை மறைத்தே வைத்தது. அதைத்தான் தனியுரிமை இயக்கி என்கிறோம். விடுதி அறைகளில் நம் தோழர்கள் நள்ளிரவில் கறுத்த திரையைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நிறுவும் முறையும் நோய்க்கு மருந்தும்

குறை சொல்வதற்கு முன் வேலையைக் கற்றுக் கொள்வதே முறை. தனியுரிமை இயக்கியை நிறுவுவது பேய் பிசாசு விவகாரமன்று. ஒழுங்காகச் செய்தால் அரை மணி நேர வேலை.

முதலாவது, கணிப்பொறியில் உள்ள அட்டை எந்த வரிசையைச் சேர்ந்தது என்று தெரிந்து கொள்ள வேண்டும். அட்டை பழையதெனில் புதிய இயக்கி அதற்குப் பொருந்தாது. இரண்டாவது, நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து நேராக இறக்கி நிறுவும் ஆசையை விட்டுவிட வேண்டும். உபுண்டு, டெபியன் போன்ற வழங்கல்களின் களஞ்சியத்தில் சோதித்து வைக்கப்பட்ட இயக்கியே நமக்கு ஏற்றது. உபுண்டுவில் 'கூடுதல் இயக்கிகள்' என்ற பகுதிக்குள் சென்றால் பரிந்துரைக்கப்படும் இயக்கி எது என்று அதுவே காட்டும். மூன்றாவது, கெர்னல் ஹெடர் கோப்புகளும் டிகேஎம்எஸ் என்னும் கருவியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இயக்கியின் ஒரு பகுதியை அதற்கேற்ப மறுபடி கட்டித் தருவது டிகேஎம்எஸ். "நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை" என்று வருபவரிடம், "நேற்று இரவு கெர்னல் புதுப்பித்தாயா?" என்று கேட்டால் பாதி நோய் பிடிபட்டு விடும்.

நான்காவது, செக்யூர் பூட். கையொப்பமில்லாத நிரலைக் கெர்னலுக்குள் விடாமல் தடுக்கும் காவல் இது. இது செயலில் இருந்தால், இயக்கியை நிறுவும்போது கடவுச்சொல் ஒன்றை அமைக்கச் சொல்லும். கணிப்பொறியை மறுபடி தொடங்கியதும் நீலத் திரை ஒன்று தோன்றி அதே கடவுச்சொல்லைக் கேட்கும். பலர் அதைப் பிழை என்று அஞ்சிக் கடந்து போய் விடுகின்றனர். அப்படிக் கடந்தால் இயக்கி நிறுவப்பட்டிருந்தும் உள்ளே நுழையாது.

இவ்வளவு செய்தும் திரை கறுத்துவிட்டால் அஞ்ச வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் பெரும்பாலும் எழுத்துத் திரை வந்துவிடும். அங்கிருந்து உள்நுழைந்து இயக்கியை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம். அதுவும் வரவில்லையெனில், தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது கெர்னலுக்குரிய வரியின் இறுதியில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்துத் தற்காலிகமாக உள்ளே போகலாம். உள்ளே போனதும் லாக் எனப்படும் பதிவேட்டைப் படிக்க வேண்டும். கணிப்பொறி தன் நோவைத் தானே எழுதி வைக்கும் ஏடு அது. அதைப் படியாமல் இயங்குதளம் முழுவதையும் அழித்து மறுபடி நிறுவுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதற்கு ஒப்பாகும்!

கைவிடப்பட்ட அட்டைகள்

இவை யாவும் கற்றுக்கொள்ளக் கூடியவை. கற்றுக் கொண்டாலும் தீராத இடர் ஒன்று உண்டு. என் மனத்தை உறுத்துவது அதுதான்.

என்விடியாவின் மூடிய இயக்கிக்கு மாற்றாக, நூவோ என்ற திறந்த இயக்கியைத் தன்னார்வலர்கள் உருவாக்கினர். நுட்ப விவரங்களைத் தருவாரின்றி, அட்டை எப்படி நடந்து கொள்கிறது என்று பார்த்துப் பார்த்தே எழுதிய இயக்கி அது. 2010-இல் அது கெர்னலில் இடம்பெற்றது. ஆனால் 2014 இறுதியில் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை தொடங்கி, நிறுவனத்தின் கையொப்பமிட்ட பர்ம்வேர் இருந்தாலன்றி அட்டையின் முழுத்திறனையும் வெளியார் இயக்க முடியாதபடி ஆயிற்று. ஆகவே இந்த வரிசையிலும், 2016-இல் வந்த 1000 வரிசையிலும் நூவோ படத்தைக் காட்டும். ஆனால் அட்டையின் வேகத்தை உயர்த்த அதனால் இயலாது.

இப்போது நடப்பதைப் பாருங்கள். 2025-இல் வந்த 580 வரிசை இயக்கியே இந்த அட்டைகளுக்கு ஆதரவு தரும் கடைசி வரிசை என்று என்விடியா அறிவித்துவிட்டது. அடுத்து வந்த 590 வரிசையில் அவற்றுக்கு இடமில்லை. 2025 டிசம்பரில் ஆர்ச் லினக்ஸ் வழங்கல் 590-க்கு மாறியபோது, பழைய அட்டை வைத்திருப்போர் மாற்று இயக்கிக்குப் போகாவிடில் வரைகலைத் திரையே வராது என்று எச்சரிக்கை விடுக்க வேண்டியதாயிற்று. மூடிய இயக்கி கைவிட்டது; திறந்த இயக்கிக்கோ கை கட்டப்பட்டிருக்கிறது. அட்டை கெட்டுப் போகவில்லை. அதன் மின்விசிறி இன்னும் சுழல்கிறது. ஆயினும் அதன் ஆயுளுக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது!

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. 2012-இல் விற்பனைக்கு வந்த ஏஎம்டி ரேடியான் எச்டி 7000 வரிசை அட்டைகளுக்கான திறந்த இயக்கியை 2025-இலும் மேம்படுத்தி வந்தார்கள். அதில் முன்னின்று உழைத்தவர் ஏஎம்டி நிறுவனத்தவர் அல்லர்; வேறொரு நிறுவனத்தின் பொறியாளர். மூலநிரல் திறந்திருந்ததால் யாரோ ஒருவர் கை நீட்டிக் காப்பாற்ற முடிந்தது.

இந்த வேறுபாடு பணம் படைத்தோரை அவ்வளவாகப் பாதிக்காது. அவர்கள் புதிய அட்டை வாங்கிக் கொள்வார்கள். ஆத்தூர், சின்னாளபட்டி, சித்தையன்கோட்டைப் பக்கங்களிலிருந்து பேருந்தேறி வரும் நம் போன்றோர் கைக்கு வந்து சேர்வது அண்ணனோ மாமனோ பயன்படுத்திய பழைய கணிப்பொறி. அல்லது கடையில் செகண்ட்-ஹேண்டாக வாங்கியது. 14-10-2025-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் இல்லாத பழைய கணிப்பொறிகளுக்கு லினக்ஸே புகலிடம். அந்தப் புகலிடத்தின் வாசலிலும் மூடிய இயக்கி குறுக்கே நின்றால் ஏழை மாணவன் எங்கே போவான்?

ஓர் அச்சுப்பொறியின் கதை

கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு வித்திட்டதும் இத்தகைய இடர்தான் என்பது பலரறியாத செய்தி. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் பணியாற்றிய ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கும். முன்பிருந்த அச்சுப்பொறியில், இடர் நேர்ந்தால் பயனர்களுக்கு அறிவிக்கும்படி நிரலைத் திருத்தி வைத்தவர் அவர். புதியதற்கோ மூலநிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் கேட்டபோது, வெளியிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். 1983-இல் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். ஒரு தாள் சிக்கலிலிருந்து ஓர் உலக இயக்கம் பிறந்தது!

எதிர்வாதங்கள்

"கோடிக்கணக்கில் செலவிட்டு உருவாக்கிய இரகசியத்தை நிறுவனம் ஏன் வெளியிட வேண்டும்?" என்று கேட்பார் உளர். அட்டையைச் செய்யும் இரகசியத்தை எவரும் கேட்கவில்லை. விலை கொடுத்து வாங்கிய அட்டையோடு பேசும் வழியைத்தான் கேட்கிறோம். மேலும், 2022 மே மாதத்தில் என்விடியாவே தன் இயக்கியின் கெர்னல் பகுதியை, புதிய அட்டைகளுக்கு மட்டும், திறந்த மூலநிரலாக வெளியிட்டது. அதனால் அந்நிறுவனம் நொடித்துப் போய்விடவில்லை. மற்றப் பகுதிகள் இன்றும் மூடியே இருக்கின்றன.

"மூடிய இயக்கிதானே வேகமாக ஓடுகிறது? செயற்கை நுண்ணறிவு கற்பவனுக்குக் கூடா வேண்டாமா?" என்பது மற்றொரு கேள்வி. நியாயமான கேள்வி. என்விடியாவின் கூடா தளம் இன்றிச் செய்ய முடியாத பாடத் திட்டப் பணிகள் உள்ளன. அத்தகையோர் தனியுரிமை இயக்கியை நிறுவிக் கொள்வதில் தவறேதுமில்லை. கொள்கைக்காகப் படிப்பைக் கெடுத்துக் கொள் என்று நான் சொல்லேன். ஆனால் பாடம் எழுதவும், நிரல் பயிலவும், படம் பார்க்கவும் மட்டுமே கணிப்பொறி தேவைப்படுவோர், கடைக்காரர் பெருமையாகச் சொன்னார் என்பதற்காக அந்த அட்டைக்குக் கூடுதல் பணம் கொடுப்பானேன்?

பொதுப்பணமும் பொது நன்மையும்

தனிமனிதர் வாங்குவது அவரவர் விருப்பம். அரசுப் பணத்தில் வாங்குவது அப்படியன்று. நம் தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல மரபு உண்டு. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்த்து வழங்கப்பட்டது. மத்திய அரசும் 2015-இல் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது.

மென்பொருளுக்குக் காட்டிய இந்த அக்கறையைக் கருவிக்கும் காட்ட வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்திலிருந்து திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் போகிறது. அதன் மதகைத் திறக்கும் சாவி எங்கோ ஒரு கம்பெனியிடம் இருக்கும் என்றால் திண்டுக்கல் மக்கள் பொறுப்பார்களா? மாணவர்க்கென மக்கள் பணத்தில் வாங்கும் கணிப்பொறிக்கு மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்?

நாம் செய்யத் தக்கவை

பேராசிரியப் பெருமக்களுக்குப் பணிவான வேண்டுகோள்கள் இரண்டு. ஆய்வகத்துக்குக் கணிப்பொறி வாங்கும் ஒப்பந்தப்புள்ளியில், 'திறந்த மூலநிரல் இயக்கியோடு லினக்ஸில் முழுமையாக இயங்க வேண்டும்' என்ற ஒரு வரியைச் சேர்க்கலாம். அடுத்து, ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய கணிப்பொறி ஒன்றை மாணவர் கையில் கொடுத்து, "கெடுத்துப் பார், பிறகு சரிசெய்" என்று விட்டுவிடலாம். அந்தக் கறுத்த திரை கற்றுத் தரும் பாடம் எழுதித் தேறும் தாளில் கிடைக்காது.

மாணவ நண்பர்களுக்கும் ஒன்று. இடர் தீர்த்த வழியை ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதி ஆய்வகத்திலேயே வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையர்க்கு உதவும். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் கணியம் 2012-இல் தொடங்கியது. அதைப் படியுங்கள், முடிந்தால் அதற்கு எழுதுங்கள். இனிக் கணிப்பொறி வாங்கப் போகும் உறவினர் எவரேனும் உங்களிடம் யோசனை கேட்டால், நினைவகம் எவ்வளவு, விலை எவ்வளவு என்பதோடு, "இதன் இயக்கி திறந்ததா, மூடியதா?" என்ற கேள்வியையும் கடைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். முதலில் கேட்பவரை அவர் வியப்போடு பார்ப்பார். பத்துப் பேர் கேட்டால் அவரும் விடையைத் தெரிந்து வைத்துக் கொள்வார்.