குழாயில் அடைப்பில்லாத மாரடைப்பு

மாரடைப்பு என்றதும் கொழுப்பு, சர்க்கரை, புகை என்றே பேச்சு போகிறது. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஆஞ்சியோகிராமில் பெரிய அடைப்பு எதுவும் தெரியாத மாரடைப்புகளும் உண்டு. நூற்றில் சுமார் 6 பேருக்கு அப்படி. அவர்களில் மிகச் சிலருக்குக் காரணம், இதய வால்வில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு கட்டி.

பாப்பிலரி ஃபைப்ரோஎலாஸ்டோமா என்பது அதன் பெயர். புற்றுநோய் அல்ல, பெரும்பாலும் 2 சென்டிமீட்டரைக்கூடத் தாண்டாது. தண்ணீரில் இட்டால் கடல் சாமந்தி போல இழை இழையாக விரியும். அயோர்டிக் வால்வில்தான் இது அதிகம் வளர்கிறது. இதயத் தசைக்கு ரத்தம் தரும் கொரோனரி குழாய்களின் வாய் இருப்பதும் அந்த வால்வை ஒட்டித்தான். துடிப்புக்குத் துடிப்பு ஆடும் கட்டி அந்த வாயை மூடிவிடலாம். அதன் துணுக்கோ, அதன்மேல் உறைந்த ரத்தமோ பிய்ந்து குழாய்க்குள் சிக்கலாம். மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ஆகவே, "குழாய் சுத்தமாக இருக்கிறது" என்று சொல்லி நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது போதாது. அது பாதிப் பதில். எக்கோவில் வால்வுகளைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். தெளிவில்லை என்றால் உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவுக்குத் தயங்கக் கூடாது. இளவயதினர் விஷயத்தில் இந்தத் தேடல் இன்னும் அவசியம்.

கண்டுபிடித்துவிட்டால் வழி இருக்கிறது. அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் வால்வைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் நீக்கிவிடுகிறார்கள். அது திரும்ப வளர்வது அபூர்வம்.