சாயக் கழிவும் லாபக் கணக்கும்

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் திருப்பூரில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பின்னலாடைத் தொழிலுக்கே மூடுவிழா என்று அன்று புலம்பாதவர்கள் குறைவு. இன்று அந்த ஊரின் ஆண்டு ஏற்றுமதி 40 ஆயிரம் கோடி ரூபாய் அளவை எட்டியிருக்கிறது.

இடையில் மந்திரம் ஏதும் நடக்கவில்லை. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அந்த உப்புதான் கழிவோடு நொய்யல் ஆற்றில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையை விவசாயிகளே வெறுக்கும் நச்சுக் குட்டையாக்கியது. இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வடிகட்டிகளைக் கடந்த நீர் மீண்டும் சாயத் தொட்டிக்கே போகிறது. எஞ்சும் உப்புக் கரைசலில் ஒரு பகுதி மறுபடி சாயமேற்றப் பயன்படுகிறது. மீதியை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள். விலைக்கு வாங்கும் நீரும் உப்பும் அந்த அளவுக்கு மிச்சம். சுற்றுச்சூழல் சான்று கேட்கும் அயல்நாட்டு நிறுவனங்களிடம் காட்டவும் இது உதவுகிறது.

செலவில்லாமல் இல்லை. ஆவியாக்கும் இயந்திரங்கள் மின்சாரத்தையும் விறகையும் தின்கின்றன. பயன்படாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் குவிகிறது. சிறு பட்டறைக்காரர்தான் இதில் அதிகம் திணறுகிறார்.

கழிவுநீரை வெளியே விடக் கூடாது என்ற விதியை மதிப்பவர் விலையில் தோற்று, மதிக்காதவர் ஆர்டரைத் தட்டிச் செல்வது நியாயமல்ல. இந்தக் கட்டுப்பாட்டை நாட்டின் எல்லாச் சாயத் தொழில் நகரங்களிலும் ஒரே கண்டிப்புடன் மத்திய அரசு அமல்படுத்த வேண்டும். கலப்பு உப்பை அகற்றும் செலவில் மாநில அரசும் பங்கேற்க வேண்டும்.