தாலுகா தலைநகரான சின்ன ஊர்!
மடத்துக்குளத்தின் பழமையும் இன்றைய கவலையும்

உடுமலைப்பேட்டையில் இருந்து பழனிக்குப் போகும் வழியில் அமராவதி ஆறு குறுக்கிடுகிறது. ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊர். அதுதான் மடத்துக்குளம்.

பழனிக்குக் காவடி எடுத்துச் செல்லும் பக்தர்களுக்கு இந்த ஊரை நன்றாகத் தெரியும். தைப்பூச சமயத்தில் அவர்கள் இந்த வழியாகக் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். மற்றவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி.

ஆனால் இன்று இந்த ஊர் ஒரு தாலுகாவின் தலைநகரம். ஒரு சட்டசபைத் தொகுதிக்கும் இதன் பெயரே வழங்குகிறது.

புதிய அந்தஸ்து

நெடுங்காலம் மடத்துக்குளம் கோவை ஜில்லாவில், உடுமலை தாலுகாவில் இருந்தது. பட்டா மாற்ற வேண்டுமா? சாதிச் சான்றிதழ் வேண்டுமா? உடுமலைக்குப் பஸ் ஏற வேண்டும். கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டுமானால் கோவைக்கே போக வேண்டும். ஏழைக்கு அன்றைய கூலி போய்விடும்.

2009-ம் ஆண்டு திருப்பூர் தனி ஜில்லா ஆயிற்று. உடுமலை தாலுகா பிரிக்கப்பட்டு, மடத்துக்குளம் தனி தாலுகா ஆயிற்று. 2011-ம் ஆண்டு சட்டசபைத் தேர்தலில் மடத்துக்குளம் தொகுதி முதல் முறையாக ஓட்டுப் போட்டது.

தாசில்தார் ஆபீசு பக்கத்திலேயே வந்துவிட்டது. சுற்றுப்பட்டிக் கிராமத்து மக்களுக்கு இது பெரிய சவுகரியம். ஆனால் ஊரின் பெருமை இந்த அந்தஸ்தினால் வந்தது அன்று. அது ஆற்றினால் வந்தது.

ஆற்றின் வயது

அமராவதியின் பழைய பெயர் ஆன்பொருநை. சங்க காலப் புலவர்கள் இந்த ஆற்றைப் பாடியிருக்கிறார்கள். மேற்கு மலையில் பிறந்து, மடத்துக்குளம், தாராபுரம் வழியாக ஓடி, கரூர் அருகே காவிரியில் கலக்கிறது. சேர மன்னர்களின் வஞ்சி நகரம் இந்தக் கரூரே என்பது அறிஞர்கள் பலருடைய முடிவு.

பழனிக்கு அருகே உள்ள கலயமுத்தூரில் 1856-ம் ஆண்டு ரோமாபுரித் தங்கக் காசுகள் கிடைத்தன. அந்தக் காலத்திலேயே இந்தப் பக்கத்தில் வியாபாரம் நடந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

மடத்துக்குளம் பக்கத்தில் உள்ள கடத்தூரில், ஆற்றங்கரையில் அர்ச்சுனேசுவரர் கோவில் இருக்கிறது. அங்கே கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கல்வெட்டு என்பது கல்லில் எழுதிய பத்திரம். யார் நிலம் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்பதை இத்தகைய எழுத்துக்கள்தாம் சொல்கின்றன. அந்தக் கல்லின் மேல் சுண்ணாம்பு அடித்தால் பத்திரத்தை அழித்தது போலத்தான்!

எட்டு வாய்க்கால்கள்

கோவிலைவிடவும் உயிருள்ள பழஞ்சொத்து ஒன்று இங்கே உண்டு. அவை எட்டு ராஜவாய்க்கால்கள். கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரின் பெயர். இவற்றின் பாசனம் 7,520 ஏக்கர்.

அமராவதி அணை 1957-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அப்போது காமராஜர் முதல்-மந்திரி. அணையின் உயரம் 90 அடி. 400 கோடி கன அடிக்கு மேல் தண்ணீர் தேங்கும். அணைக்கு வெகு காலம் முன்பே இந்த வாய்க்கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதனால்தான் இவற்றைப் "பழைய ஆயக்கட்டு" என்கிறார்கள்.

இன்று அணையின் தண்ணீரை நம்பித் திருப்பூர், கரூர் ஜில்லாக்களில் சுமார் 55 ஆயிரம் ஏக்கர் நிலம் இருக்கிறது. குடிநீருக்கும் இதே தண்ணீர்தான். மழை பொய்த்த வருஷம் எல்லோரும் அணையைத்தான் பார்க்கிறார்கள். வாய்க்காலில் புதர் மண்டினால், சாக்கடை கலந்தால், கரையை யாராவது மடக்கிப் போட்டால், கடைமடைக்காரன் வயல் காய்ந்துவிடும்.

சர்க்கரை ஆலையின் கதை

அணைத் தண்ணீர் வந்ததும் கரும்பு பெருகிற்று. மடத்துக்குளம் அருகே கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை எழுந்தது. தமிழ்நாட்டின் முதல் கூட்டுறவு சர்க்கரை ஆலை இது. விவசாயிகளே பங்கு போட்டு, விவசாயிகளே கரும்பு கொடுத்து நடத்திய தொழில்.

இயந்திரத்துக்கும் முதுமை உண்டு அல்லவா? அண்மை ஆண்டுகளில் பழைய இயந்திரங்கள் அடிக்கடி பழுதாயின. அரவை தடைப்பட்டது. வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் எடை குறையும், சாறும் குறையும். வெளியூர் ஆலைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஆலையைப் புதுப்பிக்க வேண்டும் என்று விவசாயிகள் பல முறை போராடினார்கள்.

கரும்பு போட்டவர்களில் பலர் தென்னைக்கு மாறினார்கள். பிள்ளைகளோ நூற்பாலைக்கும், காகித ஆலைக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிறார்கள். அந்த வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பனியன் தொழில் வெளிநாட்டு ஆர்டரை நம்பியது. ஆர்டர் குறைந்தால் தொழிலாளி ஊருக்குத்தான் திரும்பி வருவான். அப்போது அவனைத் தாங்க நிலமும் தண்ணீரும் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

மூன்று காரியங்கள் உடனே தேவை. ஆலையின் கதி என்ன என்பதைச் சர்க்கார் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் விவசாயி எதைப் பயிரிடுவது என்று முடிவு செய்ய முடியும். எட்டு வாய்க்கால்களையும் தண்ணீர் திறப்பதற்கு முன்பே, ஆண்டுதோறும் தூர் வார வேண்டும். கோவில் கல்வெட்டுகளின் அருகே, அவற்றின் பொருளை எளிய தமிழில் எழுதிப் பலகை வைக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிப்பார்கள்.

முன்பு இவற்றைக் கேட்க கோவைக்கும் உடுமலைக்கும் அலைய வேண்டியிருந்தது. இன்று தாசில்தார் ஆபீசு ஊரிலேயே இருக்கிறது. தொகுதிக்கு என்று ஒரு எம்.எல்.ஏ.வும் இருக்கிறார். அடுத்த முறை பட்டா வாங்கப் போகிறவர்கள், வாய்க்காலுக்காகவும் ஒரு மனு எழுதி எடுத்துப் போகலாம்.