வாங்க, கலெக்டர் சார்!

நம் வீடுகளில் பிள்ளைகள் எப்போது நடுங்குவார்கள்? அம்மா கத்தும்போது அல்ல. தினமும் "வாடா" என்று கூப்பிடுகிற அம்மா ஒருநாள் "வாங்க" என்று சொல்லும்போது. "சாப்பிட வர்றீங்களா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் செல்போன் பாக்குறீங்களா?" என்று கேட்டால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம். கணவன் மனைவி சண்டையிலும் இதே கதைதான். குரல் தாழ்ந்து, பேச்சில் மரியாதை கூடினால் பக்கத்து அறையில் இருக்கிறவர்கள் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவார்கள்.

சொல்வது ஒன்று, உணர்த்துவது அதற்கு நேர் எதிரானது. தமிழில் இதற்கு மரியாதைப் பன்மை மட்டும் அல்ல, இன்னும் எத்தனையோ வழிகள் இருக்கின்றன. "அவனா? கொடுப்பான், கொடுப்பான்" என்று வினையை இரண்டு தடவை சொன்னாலே கொடுக்கமாட்டான் என்று ஆகிவிடுகிறது. "பெரிய இவராக்கும்", "படிச்சுக் கிழிச்சே", "நீ உருப்பட்ட மாதிரிதான்" என்பவை எல்லாம் அந்த வகை. 'மகராசன்', 'புண்ணியவான்' ஆகிய சொற்களை வாழ்த்துவதற்குப் பயன்படுத்துவதைவிட வயிறெரிந்து பேசும்போதுதான் இன்று அதிகம் கேட்கிறோம். துரை, மைனர், ஜமீன்தார், கலெக்டர் என்று ஊர் எவரையெல்லாம் கண்டு பயந்ததோ அவர்கள் அத்தனை பேரும் பிறகு கிண்டலுக்குள் வந்து சேர்ந்ததும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் இலக்கணக்காரர்கள் இதைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பியம் ஓகார இடைச்சொல்லுக்குச் சொல்லும் ஆறு பொருள்களில் எதிர்மறையும் ஒன்று. "நானோ அவன் வாசலை மிதிப்பேன்!" என்றால் மிதிக்கவே மாட்டேன் என்று பொருள். மெய்ப்பாட்டியலில் சிரிப்புக்கு நான்கு காரணங்கள் சொல்லி, அவற்றில் எள்ளலை முதலில் வைத்திருக்கிறார் தொல்காப்பியர். தண்டியலங்காரம் இலேச அணியின் கீழ் இரண்டு திசைகளையும் காட்டுகிறது: புகழ்வதுபோலப் பழிப்பது, பழிப்பதுபோலப் புகழ்வது. இரண்டாவது வகையை ஏனோ நாம் மறந்துவிடுகிறோம். இருபது வருஷம் கழித்துப் பார்க்கிற நண்பனை "இன்னும் நீ சாகலையாடா?" என்று கட்டிக்கொள்கிறவர், தான் சொல்வதற்கு நேர் எதிரான சந்தோஷத்தில் இருக்கிறார். அந்த வசவை வாங்கிக்கொள்கிற உரிமை எல்லோருக்கும் கிடைத்துவிடாது.

இவை எல்லாம் குரலை நம்பி நடக்கிற வியாபாரம். எழுத்தில் குரல் இல்லை. 1668-இல் ஆங்கிலேயர் ஜான் வில்கின்ஸ், எதிர்ப்பொருளில் சொல்வதைக் காட்டத் தலைகீழ் ஆச்சரியக்குறி போடலாம் என்று யோசனை சொன்னார். 1899-இல் பிரெஞ்சுக் கவிஞர் அல்காந்தெ தெ பிராம் இதற்கென்றே ஒரு குறியை முன்வைத்தார். இரண்டுமே நிலைக்கவில்லை. நம் வார இதழ்கள் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆச்சரியக்குறியைப் போட்டு இதே வேலையைச் செய்துவந்தன. இன்று வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களில் "சூப்பர் அண்ணி" என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு, அது பாராட்டா குத்தலா என்று இரண்டு வீடுகள் ஒரு வாரம் பேசாமல் இருக்கின்றன.

குத்தலை நான் வெறுக்கிறவன் அல்ல. தமிழில் அதன் மிக உயர்ந்த இடம் என்று நான் கருதுவது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். ஔவை ஒரு குறையும் சொல்லவில்லை. உன் வேல்கள் மயிற்பீலி அணிந்திருக்கின்றன, மாலை சூடியிருக்கின்றன, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன என்கிறார். எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். அவ்வளவுதான். போருக்குப் போகாத ஆயுதம்தான் பளபளப்பாக இருக்கும் என்பதைத் தொண்டைமானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

ஔவை அங்கே எந்த நிலையில் நிற்கிறார் என்று பாருங்கள். வேற்று நாட்டு அரண்மனை, சுற்றிலும் அவன் காவலர்கள், அவர் கையில் ஆயுதம் இல்லை. 'உனக்குப் போர் தெரியாது' என்று நேராகச் சொல்லியிருந்தால் அவன் சீறலாம். இப்போது சீறினால், தன் ஆயுதங்களைப் புகழ்ந்தவர்மீது எதற்குச் சீறினான் என்று அவனே விளக்க வேண்டிவரும். 'நான் நல்லதுதானே சொன்னேன்' என்று ஒதுங்கிக்கொள்ள ஒரு வழி பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. வலிமை இல்லாதவர் வலியவரிடம் உண்மை பேச அந்த வழி வேண்டும். பண்ணையாரிடம் கூலிக்காரரும், மேலதிகாரியிடம் கடைநிலை ஊழியரும் காலங்காலமாக இப்படித்தான் பேசிப் பிழைத்திருக்கிறார்கள்.

அதே வழியை வலியவர் பயன்படுத்தும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஓர் உறவினர் வீட்டுப் பந்தி. ரசத்தில் உப்பு போதவில்லை. மாமியார் இலையிலிருந்து நிமிராமல் சொன்னார்: "டாக்டர் எனக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கார். இந்த வீட்ல அதை ஞாபகம் வெச்சிருக்கறவ நீ ஒருத்திதாம்மா." கரண்டியோடு நின்ற மருமகளின் காது மடல்கள் சிவந்தன. பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. அவள் வாய் திறந்து ஏதாவது கேட்டிருந்தால் "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? உன்னைப் புகழ்ந்துதானே பேசினேன்" என்று பதில் வந்திருக்கும், சண்டையை ஆரம்பித்தவள் மருமகள் என்றும் ஆகியிருக்கும். ஆனால் அந்தப் பெண் கெட்டிக்காரி. "அப்படிங்களா அத்தை? அப்ப இனிமே தினமும் இப்படியே வெச்சுடறேன்" என்றாள். சொல்லை வெறும் சொல்லாகவே எடுத்துக்கொண்டாள். மாமியார் ஒன்றும் பேசவில்லை. உப்பு ஜாடி அவரிடமே போனது.

அந்தப் பதிலைச் சொல்ல இருபத்தைந்து வயதும், வீட்டில் ஓரளவு காலூன்றிய தைரியமும் வேண்டும். குழந்தைகளிடம் இரண்டும் கிடையாது. சொல்வதற்கு எதிராக ஒருவர் நினைக்க முடியும் என்பதே ஐந்து ஆறு வயதில்தான் மெல்லப் பிடிபடத் தொடங்குகிறது. அதில் இருக்கிற வேடிக்கை புரிய இன்னும் சில வருஷங்கள் ஆகும். பாலைக் கொட்டிய மூன்று வயதுக் குழந்தையிடம் "ரொம்ப நல்ல காரியம் பண்ணினே" என்றால் அது சிரிக்கும். நல்லது என்ற சொல் அதற்குத் தெரியும், கேட்டிருக்கிறது. பெரியவர்கள் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்பதுதான் அதற்கு விளங்காது.

வகுப்பறை இன்னும் கொடிது. கிராமத்துப் பள்ளியில் நான் படித்தபோது எங்கள் வகுப்புக்குத் தாமதமாக வருகிற பையன் ஒருவன் இருந்தான். அவன் வாசலில் தலை காட்டியதும் வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்து கும்பிடுவார். "வாங்க கலெக்டர் சார், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். உக்காருங்க." நாங்கள் நாற்பது பேர் சிரிப்போம். அடிக்கிற வாத்தியார்கள் இருந்த காலத்தில் அவர் கை நீட்டாதவர் என்று பெயர் வாங்கியவர், அதனால் யாரும் அதைத் தண்டனையாகவே நினைக்கவில்லை. ஆனால் பிரம்படிக்கு அழுதால் பரிதாபப்பட ஆள் உண்டு, கும்பிட்டு வரவேற்றதற்கு அழுதால் அதற்கும் சேர்த்துச் சிரிப்புதான். அந்த வருஷ நடுவிலேயே அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். கும்பிடு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அவன் வீட்டில் வறுமை இருந்தது.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான். தாமதமாக வருகிறவனிடம் "ஏன் லேட்டு?" என்று கோபமாகவே கேளுங்கள், அதில் தவறில்லை. "வாங்க கலெக்டர் சார்" என்பதற்கு எந்தப் பிள்ளையாலும் பதில் சொல்ல முடியாது. ஏன் லேட்டு என்பதற்கு அவனிடம் பதில் இருக்கும். பஸ் வந்திருக்காது. தம்பியைப் பால்வாடியில் விட்டுவிட்டு ஓடி வந்திருப்பான். அம்மா வேலைக்குக் கிளம்பும் முன் குழாயடியில் இரண்டு குடம் பிடித்துக் கொடுத்திருப்பான்.