சாப்ட்வேர் போட்டால் ஒழுங்கு வந்துவிடுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்பது இது: "வேலைகளைத் திட்டமிட எந்த சாப்ட்வேர் நல்லது?" சாப்ட்வேர் எஞ்சினியர் ஆயிற்றே, பெரிய பட்டியல் தருவான் என்று எதிர்பார்க்கிறார்கள். முன்பு தந்ததும் உண்டு. இப்போது நோட்பேடைத் திறங்கள் என்கிறேன். சிரிக்கிறார்கள்.

என் கம்ப்யூட்டரில் ஒரு சமயம் நான்கு திட்டமிடும் புரோகிராம்கள் இருந்தன. நான்கிலும் வண்ண வண்ணமாகத் தலைப்புகள் போட்டு வைத்தேன். வேலை மட்டும் நடக்கவில்லை. டெஸ்க்டாப்பில் 'நியூ போல்டர்' என்று ஆரம்பித்து 'நியூ போல்டர் (14)' வரை வந்துவிட்டது.

அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். செங்கல்பட்டில்தான் வீடு. மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் தர வேண்டும். "பேங்க்குக்கு அலையாதீங்கப்பா, ஜீவன் பிரமாண் இருக்கு, வீட்டிலேயே கம்ப்யூட்டர்ல முடிச்சிடலாம்" என்று நான்தான் சொன்னேன். கைரேகைக் கருவியும் வாங்கினேன். அதற்கு டிரைவர் தேடப் போன இடத்தில் வேறு ஏதோ கண்ணில் பட்டது. இரவு இரண்டு மணி வரை அதைப் படித்தேன். மறுநாள் இன்னொன்று. நவம்பர் முடிந்தது. கருவி அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. டிசம்பர் பென்ஷன் கணக்கில் ஏறவில்லை. அப்பா திட்டவில்லை, பேங்கில் வரிசையில் நின்று அவரே சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்தார். அம்மாதான், "உன்னை நம்பினாரு பாரு" என்றார்.

அதன் பிறகுதான் மனநல மருத்துவரைப் பார்த்தேன். ஏ.டி.எச்.டி. என்றார். வேலையைத் தொடங்குவது, அதிலேயே நிலைத்திருப்பது, நேரத்தைக் கணக்கிடுவது ஆகியவை மூளைக்குச் சிரமமாகிவிடும் நிலை இது. சிறு வயதிலேயே ஆரம்பித்து, பலருக்கு வளர்ந்த பிறகும் தொடர்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். வகுப்பில் சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக் கொண்டிருக்கும் பிள்ளைக்கும் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு நாம் வைக்கும் பெயர் சோம்பேறி. மறதி உள்ள எல்லோருக்கும் இது இருக்கும் என்பதல்ல. மருத்துவர்தான் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

வேலையைச் சிறு துண்டுகளாக உடைக்கச் சொன்னார் மருத்துவர். எவ்வளவு சிறிதாக என்பது எனக்கு மாமல்லபுரத்தில்தான் புரிந்தது. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவர் காலத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகள் அங்கே உண்டு. பாறையைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, சதுரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, நடுவில் நிற்கும் கட்டியைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். சிற்பிக்கு அன்றைய வேலை மண்டபம் அல்ல, ஒரு சதுரம். ஐந்து ரதங்களை மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். தர்மராஜ ரதத்தின் மேல் தளங்கள் முடிந்திருக்கின்றன, அடித்தளம் முடியவில்லை. அவை பாதியில் நின்றதால்தான் வேலை நடந்த விதமே நமக்குத் தெரிகிறது.

இனி என் முறை. டெஸ்க்டாப்பில் 'இன்று' என்று ஒரு நோட்பேட் பைல். அதை ரைட் கிளிக் செய்து காப்பி கொடுங்கள். விண்டோஸ் கீயுடன் ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் ஷெல், முக்காற்புள்ளி (:), ஸ்டார்ட்அப் என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். திறக்கும் போல்டரில் ரைட் கிளிக் செய்து 'பேஸ்ட் ஷார்ட்கட்' கொடுங்கள். (விண்டோஸ் 11 என்றால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்தினால்தான் அது தெரியும்.) இனி கம்ப்யூட்டரை ஆன் செய்து உள்ளே நுழைந்ததும் அந்தப் பைல் தானாகவே திறக்கும். எஃப்5 அழுத்தினால் தேதியும் நேரமும் விழும். அதன் கீழே மூன்று வரிகளுக்கு மேல் எழுதாதீர்கள். 'சான்றிதழ் எடுக்க வேண்டும்' என்று எழுதினால் நடக்காது, அது மண்டபம். 'அட்டைப்பெட்டியைப் பிரி' என்று எழுதுங்கள்.

பெரிய சாப்ட்வேர்கள் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆபீசில் பத்துப் பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கு அவை வேண்டும். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். வீட்டில், என்னைப் போன்றவர்களுக்கு, அவற்றை அலங்கரிப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது. போனில் வரும் நினைவூட்டலையோ விரல் தானாகத் தள்ளிவிடுகிறது. நோட்பேட் சிகிச்சை ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மருந்தும் உண்டு, மாதம் ஒருமுறை ஆலோசனையும் உண்டு.

சென்ற நவம்பரில் பெட்டியைப் பிரித்தது ஒரு நாள், டிரைவர் இன்னொரு நாள். மூன்றாம் நாள் அப்பா விரலை வைத்தார், சான்றிதழ் போய்விட்டது. "ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுடா" என்றார். பிரிண்டருக்கு இங்க் வாங்குவது இன்னும் பைலில் இருக்கிறது.